வானத்தில் ஏன் படிக்கட்டு?

டிஜிட்டல் கேமராவில் எடுத்த வானத்தை கம்ப்யூட்டரில் போட்டு, இன்னும் கொஞ்சம் நீலம், இன்னும் கொஞ்சம் இருட்டு என்று இழுத்துப் பார்த்த எவருக்கும் இந்தப் பட்டைகள் பழக்கமானவைதான். அடிவானத்தில் வெளிறித் தொடங்கி உச்சியில் கருநீலமாக முடிய வேண்டிய வானம், வழுவழுவென்று போகாமல் படிப்படியாக ஏறும். மலைச்சரிவில் வெட்டிய வயல் மாதிரி ஒரு படி, அதற்கு மேல் இன்னொரு படி. இதற்கு கலர் பேண்டிங் என்று பெயர். ஆல்பம் வாங்க வந்த வீட்டுக்காரர்களுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. "என்னங்க, வானம் வரி வரியா இருக்கு?" என்று மட்டும் கேட்பார்கள். கேட்டுவிட்டு பாக்கிப் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்வார்கள்.

யாரிடம் கேட்டாலும் மருந்து மட்டும் உடனே கிடைக்கும். 'நாய்ஸ் சேர்', '16 பிட்டுக்கு மாற்று', 'ராவில் எடு', 'முதலில் அந்த மானிட்டரைத் தூக்கிப் போடு'. நான்குமே நல்ல மருந்துகள்தான். ஆனால் நான்கும் நான்கு வேறு வேறு நோய்களுக்கானவை. பட்டை கேமராவிலேயே விழுந்திருக்கலாம், எடிட்டிங்கில் விழுந்திருக்கலாம், சேமிக்கும்போது விழுந்திருக்கலாம், அல்லது படத்தில் இல்லாமல் பார்க்கிற திரையில் மட்டும் இருக்கலாம். எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்காமல் மருந்து கொடுப்பதில்தான் பாதிப் படங்கள் கெடுகின்றன. பாதிப் பேரின் பர்ஸும் காலியாகிறது.

முதலில் கணக்கு. (காமர்ஸ் மாணவர்கள் ஓடவேண்டாம், ப்ளஸ் டூ கணக்கு கூட இல்லை. :-))

சாதாரண ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 8 பிட். அதாவது 0 முதல் 255 வரை 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் நிறம் இருக்கும்போது வானத்துக்கா பஞ்சம் என்று தோன்றும். பஞ்சம்தான். ஒரு வானத்துக்கு அவ்வளவும் வேண்டியதில்லை, கிடைப்பதுமில்லை. 6000-க்கு 4000 பிக்சல் படம் ஒன்றில் மேலே 2400 வரிசை வானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் நீலத்தின் மதிப்பு 140, அடிவானத்தில் 180. நடுவில் இருப்பது வெறும் 40 படிகள். 2400 வரிசையை 40 படிகளுக்குப் பங்கு போட்டால் ஒவ்வொரு படியும் 60 வரிசை அகலம். சிவப்பும் பச்சையும் வேறு வேறு இடத்தில் படி மாறுவதால் கொஞ்சம் மறையும். இருந்தாலும் படி படிதான்.

மரம், மணல், புடவை ஜரிகை இங்கெல்லாம் இந்தப் படிகள் இல்லாமலா இருக்கின்றன? இருக்கின்றன. அங்கே பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் தாறுமாறாக மாறுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. வானத்தில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. அதிலும் சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்னும் மறைந்த பின்னும் இருக்கும் வானம்தான் மகா மோசம். மேகம் இல்லை, நிறம் மட்டும் மெல்ல மெல்ல நழுவும்.

போதாக்குறைக்குக் கண் வேறு காட்டிக்கொடுக்கும். பாரிஸில் கோப்லான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரெல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்ததில் சாயத்தில் ஒரு குறையும் இல்லை, பக்கத்தில் வைத்து நெய்த நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது. இதை வைத்து 1839-ல் பெரிய புத்தகமே எழுதினார். சீரான சாம்பல் பட்டைகளை வெளிறியதிலிருந்து அடர்த்தியானது வரை வரிசையாக ஒட்டிவைத்தால், ஒவ்வொரு பட்டையும் அடர்ந்த பட்டையைத் தொடும் ஓரத்தில் இன்னும் வெளிறியும், வெளிறிய பட்டையைத் தொடும் ஓரத்தில் இன்னும் அடர்ந்தும் தெரியும். ஒரே ஒரு எண் வித்தியாசத்தைக் கூட கண் கோடு போட்டுக் காட்டும் என்பதுதான் இதன் பொருள். (புகைப்படத்துக்கும் இவருக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. 1886-ல் இவருக்கு நூறு வயதானபோது பிரபல புகைப்படக்காரர் நதார் இவரைப் பேட்டி கண்டார். மகன் போல் நதார் கூடவே படம் எடுத்தார். முதல் படப்பேட்டி என்று அதைத்தான் சொல்வார்கள்.)

சரி, விஷயத்துக்கு வருவோம். 40 படி இருந்த வானம் எடிட்டிங்கில் என்னவாகிறது?

பில் போட்டுப் பழகியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவு, வரித் தொகையை முழு ரூபாய்க்கு ரவுண்ட் செய்யச் சொல்கிறது. 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாய், குறைந்தால் விட்டுவிடலாம். கடைசியில் ஒருமுறை செய்தால் 50 பைசாவுக்கு மேல் வித்தியாசம் வராது. அதையே ஒவ்வொரு வரியிலும் செய்து, ரவுண்ட் செய்ததை மறுபடி வகுத்து, மறுபடி ரவுண்ட் செய்து பாருங்கள். கூட்டுத்தொகை எங்கேயோ போய் நிற்கும். 8 பிட் படத்தை எடிட் செய்வது இப்படித்தான். ஒவ்வொரு முறை ஓகே தட்டும்போதும் மென்பொருள் பைசாவைத் தூக்கி எறிகிறது.

கணக்கு வசதிக்காகக் கொஞ்சம் மிகையான உதாரணம். 140 முதல் 180 வரையுள்ள அந்த நீலத்தை நான்கால் வகுத்து இருட்டாக்கினால் 35 முதல் 45 வரை ஆகும். மறுபடி நான்கால் பெருக்கினால் பழைய வெளிச்சம் வந்துவிடும். ஆனால் வருவது 140, 144, 148, 152... என்று தாவித் தாவி. முன்பு 41 மதிப்புகள் இருந்த இடத்தில் இப்போது 11. நடுவில் இருந்த 30-ம் போனது போனதுதான், எந்த ஸ்லைடரை இழுத்தாலும் திரும்பி வராது. 60 வரிசை அகலமிருந்த பட்டை இப்போது 200 வரிசைக்கு மேல். படிக்கட்டு தெளிவாகத் தெரியும், ஏறிப் போகாததுதான் பாக்கி.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை என்பதற்கு ஒருவர் பட்ட பாட்டைச் சொல்லலாம். பி.காம் படித்துக்கொண்டே வார இறுதியில் கல்யாண ஆர்டர்களுக்குப் போகும் மாணவர் ஒருவர். முதன்முதலாகத் தனியாக எடுத்த ஆர்டர் அது. மாமல்லபுரம் கடற்கரையில் விடியலுக்கு முன் ஜோடியை நிற்கவைத்து எடுத்த படத்தை ஆல்பத்தில் 36 அங்குல அகலத்துக்கு விரித்துப் போட்டிருந்தார். மாப்பிள்ளைக்கு சினிமா மாதிரி இருட்டாக வேண்டும் என்றார், இருட்டாக்கினார். பெண் வீட்டில் முகமே தெரியவில்லை என்றார்கள், வெளிச்சமாக்கினார். ஒவ்வொரு முறையும் அதே ஜேபெக்கைத் திறந்து அதன்மேலேயே சேமித்தார். நடுவில் வானம் 'சுத்தமாக' இருக்கட்டும் என்று நாய்ஸை நீக்கும் ஃபில்டர் வேறு. ஆல்பம் வந்தபோது வானம் ஏணியாக நின்றது. எட்டாயிரம் பாக்கி நின்றுபோனது. நேராக லேபுக்குப் போனார்.

"அண்ணே, மெஷின்ல ஏதோ கோளாறு. வானத்தைப் பாருங்க."

"மெஷின் நீங்க குடுத்ததைத்தான் தம்பி அடிக்கும். ஃபைலைத் தொறங்க பாப்போம்."

லேப்காரர் பிரிண்டைப் பார்க்கவே இல்லை. படத்தை முழு அளவில் வைத்து, பட்டையின் ஓரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கர்சரைக் கொண்டுபோய் எண்களைக் காட்டினார். 160. அடுத்தது 164. அடுத்தது 168.

"நடுவுல மூணு நம்பர் எங்க தம்பி? ரா இருக்கா?"

"அடுத்த கல்யாணத்துக்கு கார்டை ஃபார்மேட் பண்ணிட்டேன்ணே."

அந்த லேப்காரர் செய்ததுதான் சரியான முதல் சோதனை. அதற்குச் செலவும் கிடையாது. ஃபோட்டோஷாப்பில் இன்ஃபோ பேனல், கிம்ப்பில் நிறம் எடுக்கும் கருவி, எது இருந்தாலும் போதும். படத்தை 100 சதவீதத்தில் வைக்கவேண்டும். சுருக்கிப் பார்க்கும்போது தெரிவது மென்பொருள் அவசரத்துக்குத் தயாரித்த முன்னோட்டம், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பட்டையின் இரு பக்கமும் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம் என்றால் படத்தில் எதுவும் தொலையவில்லை, 8 பிட்டின் எல்லையே அவ்வளவுதான். மூன்று, நான்கு என்று தாவினால் எடிட்டிங்கில் தொலைத்திருக்கிறீர்கள். அப்போது ஹிஸ்டோகிராமும் பல் விழுந்த சீப்பு மாதிரி நிற்கும். பட்டை கட்டம் கட்டமாக, தரையில் ஓடு பதித்த மாதிரி தெரிந்தால் அது ஜேபெக் சுருக்கத்தின் கைவரிசை.

கண்ணுக்குப் பட்டை தெரிகிறது, எண்களோ எந்தத் தாவலும் இல்லாமல் போகின்றன என்றால் படம் குற்றவாளி இல்லை, திரைதான். விலை குறைந்த லேப்டாப் திரைகள் பலவற்றில் உண்மையில் 6 பிட்தான், 64 படிகள். மீதியைப் பிக்சல்களை வேகமாக மாற்றி மாற்றி ஒப்பேற்றும். மானிட்டரைக் காலிபரேட் செய்தபின் புதிதாகப் பட்டை முளைப்பதும் உண்டு, திருத்தக் கணக்கை கிராஃபிக்ஸ் கார்டு 8 பிட்டிலேயே போடும்போது அங்கேயும் ரவுண்டிங். இந்தப் பட்டையைப் படத்தில் துடைக்க முயல்வது, கண்ணாடியில் இருக்கும் அழுக்கை முகத்தில் தேய்ப்பது போல. இன்னொரு திரையில், ஒரு நல்ல போனில் பாருங்கள். ஆல்பம் என்றால் அந்த வானத் துண்டை மட்டும் சின்னதாக ஒரு டெஸ்ட் பிரிண்ட் போட்டுப் பாருங்கள். முழு ஷீட்டை இரண்டு முறை அடிப்பதைவிட அது மலிவு.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பழைய விண்டோஸில் திரைக்கு '16 பிட்', '32 பிட்' என்று ஒரு தேர்வு இருந்தது. அந்த 16, மூன்று நிறத்துக்கும் சேர்த்து. சிவப்புக்கு 5, பச்சைக்கு 6, நீலத்துக்கு 5. ஃபோட்டோஷாப்பில் சொல்லும் 16 பிட், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக. பெயர் ஒன்று, ஆள் வேறு.

அடுத்து இன்னொரு போலிப் பட்டை. சூரியனைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம், அல்லது உச்சி வானத்தில் திடீரென்று ஒரு எல்லைக் கோடு. எண்களைப் பார்த்தால் சிவப்பு 255-லேயே முட்டி நிற்கும், அல்லது 0-விலேயே படுத்துக் கிடக்கும். ஒரு நிறம் நின்றுவிட மற்ற இரண்டும் தொடர்ந்து ஓடுவதால் அந்த இடத்தில் நிறமே மாறுகிறது. இதற்கு நாய்ஸ் மருந்தில்லை. சாச்சுரேஷனைக் குறைக்கவேண்டும். மனசு வராது, ஆனால் வேறு வழியில்லை. கல்யாண ஆல்பங்களில் காணப்படும் அந்தப் பேனா மை நீல வானத்தை யார் முதலில் தொடங்கிவைத்தார்களோ!

நாய்ஸ் மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது இந்த விஷயத்திலேயே சுவாரசியமான பகுதி. 1962-ல் லாரன்ஸ் ராபர்ட்ஸ் என்பவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பின்னாளில் இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்டை உருவாக்குவதற்குத் தலைமை தாங்கியவர் இவர்தான். டெலிவிஷன் படத்தை எண்களாக மாற்றி அனுப்பவேண்டும் என்றால் ஒரு புள்ளிக்கு 6 பிட்டாவது வேண்டும், குறைத்தால் படிகள் கண்ணை உறுத்தும் என்பதுதான் அவர் முன்னிருந்த பிரச்சினை. ரவுண்ட் செய்வதற்கு முன்னால் கொஞ்சம் நாய்ஸைக் கலந்து, வந்து சேரும் இடத்தில் அதே நாய்ஸைக் கழித்துவிட்டால் 3 பிட்டே போதும் என்று காட்டினார்.

கடைக்காரர் உதாரணம் ஒன்று. ஆளுக்கு 50 பைசா மீதி தரவேண்டும், கல்லாவில் 50 பைசா நாணயமே இல்லை. எல்லோருக்கும் ஒரு ரூபாயாகக் கொடுத்தால் கடைக்கு நஷ்டம், யாருக்குமே தராவிட்டால் ஊருக்கு நஷ்டம். பூவா தலையா போட்டு ஒருவருக்கு ஒரு ரூபாய், இன்னொருவருக்கு ஒன்றுமில்லை என்று கொடுத்தால் நாள் முடிவில் சராசரி சரியாக 50 பைசா. வானத்தில் 160.5 என்ற மதிப்பு இருக்கவேண்டிய இடத்தில் 8 பிட்டால் அரையை எழுத முடியாது. நாய்ஸ் கலந்து ரவுண்ட் செய்தால் பாதிப் பிக்சல் 160, பாதிப் பிக்சல் 161. தள்ளி நின்று பார்க்கும் கண் 160.5 என்று படித்துக்கொள்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கேமரா சென்சார் இந்த நாய்ஸை இலவசமாகவே தருகிறது. குறைந்த ஐஎஸ்ஓ, அதன்மேல் கேமராவுக்குள்ளேயே நாய்ஸ் நீக்கம், அதற்கும் மேல் கம்ப்யூட்டரில் ஒரு சுத்திகரிப்பு என்று துடைத்துத் துடைத்து வானத்தைப் பளிங்காக்குகிறவர்களுக்குத்தான் பட்டை அதிகம் விழுகிறது. நம் மாணவரின் படத்தில் பாதிக் குற்றம் அந்த ஃபில்டருடையது. வானத்தில் பொடி மணல் போல லேசாக நாய்ஸ் தெரிந்தால் விட்டுவிடுவதே நல்லது. நூறு சதவீதத்தில் பெரிதாக்கி, மூக்கு ஒட்டப் பார்க்கிறவர்கள் ஆல்பம் வாங்குவதில்லை.

ரா கோப்பு இருப்பவர்களுக்கு வேலை சுலபம். 12 பிட் ராவில் 4096 படிகள், 14 பிட்டில் 16,384. ராவிலிருந்து நேராக 16 பிட்டில் திறந்து, இருட்டாக்கல், வெளிச்சமாக்கல் எல்லாவற்றையும் அங்கேயே முடித்து, கடைசியில் ஒரே ஒருமுறை 8 பிட்டுக்கு இறக்கவேண்டும். பில்லில் கடைசி வரியில் மட்டும் ரவுண்ட் செய்வது மாதிரி. செலவில்லாமல் செய்ய டார்க்டேபிள், ராதெரபி இருக்கின்றன. டார்க்டேபிளில் டிதரிங் என்றே தனியாக ஒரு வசதி உண்டு. கிம்ப் வைத்திருப்பவர்கள் பதிப்பைக் கவனிக்கவேண்டும். 2.8 வரை அதில் 8 பிட் மட்டும்தான். 2018-ல் வந்த 2.10-லிருந்துதான் 16, 32 பிட் எல்லாம்.

ஜேபெக் மட்டுமே கையில் இருந்தால்? அதை 16 பிட்டுக்கு மாற்றுவதால் தொலைந்த படிகள் முளைத்துவிடாது. இனிமேல் தொலையாது, அவ்வளவுதான். அதுவும் லாபமே. முதல் வேலையாக மாற்றிவிட்டு எடிட்டிங்கைத் தொடங்கலாம்.

ஏற்கெனவே படிக்கட்டாகிவிட்ட வானத்துக்கு இருப்பது ஒட்டுவேலை. மாணவர் கடைசியில் அதைத்தான் செய்தார். 16 பிட்டுக்கு மாற்றி, வானத்தை மட்டும் தனி லேயரில் பிரித்து, பட்டையின் அகலத்துக்கு ஏற்ற அளவில் காஸியன் பிளர். 16 பிட்டில் பிளர் செய்யும்போது இரண்டு படிகளுக்கு நடுவே புதிய மதிப்புகள் உண்டாகும், 8 பிட்டில் செய்தால் அவ்வளவாகப் பிரயோசனம் இல்லை. பிறகு அதன்மேல் நாய்ஸ். ஃபோட்டோஷாப்பின் ஆட் நாய்ஸில் காஸியன், 1 சதவீதத்தில் தொடங்கி, பட்டை மறையும் வரை மட்டும் ஏற்றவேண்டும். அதன் பிறகே 8 பிட்.

முதல் முயற்சியில் கடற்கரைக் கோயில் விமானத்தின் விளிம்பில் (கோயில் விமானம்தான், பறக்கிற விமானம் அல்ல) ஒரு வெள்ளை மூட்டம் வந்துவிட்டது. கல்லின் நிறமும் வானமும் பிளரில் கலந்துபோனதால் வந்த வினை. தூரத்தில் நின்ற இரண்டு படகுகளும் கரைந்துவிட்டன. மாஸ்க்கை அடிவானத்துக்கு மேலேயும் கல்லுக்கு வெளியேயும் நிறுத்தி, ஓரத்தைக் கையால் வரைந்து, இரண்டு ராத்திரி உட்கார்ந்தார். ஷீட்டை மறுபடி அடித்த செலவு அவருடையது. பாக்கி வந்தது. வந்த கையோடு இன்னொரு மெமரி கார்டும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கிவிட்டார். ஆல்பம் கை மாறும்வரை இப்போது எந்தக் கார்டும் ஃபார்மேட் ஆவதில்லை.

சேமிக்கும் வரிசையில் இரண்டு விஷயங்கள் முக்கியம். படத்தைச் சின்னதாக்குவது என்றால் முதலில் சின்னதாக்கிவிட்டுப் பிறகு நாய்ஸ் சேர்க்கவேண்டும். மாற்றிச் செய்தால், சுருக்கும்போது பக்கத்துப் பிக்சல்கள் சராசரியாகி நாய்ஸ் கரைந்துவிடும், பட்டை திரும்பி வரும். இரண்டாவது ஜேபெக்கின் தரம். 1992-ல் நிர்ணயிக்கப்பட்ட இந்த முறை படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்குள் இருக்கும் நுணுக்கமான மாற்றங்களை முதலில் கழித்துக்கட்டும். கஷ்டப்பட்டுச் சேர்த்த நாய்ஸும் அந்தக் கணக்கில்தான் வரும். ஃபோட்டோஷாப்பில் 12-க்கு 10-க்குக் குறையாமல், கிம்ப்பில் 90-க்குக் குறையாமல் வைப்பது நல்லது. கோப்பு பெரிதாகும், ஆகட்டும்.

இவ்வளவும் செய்து முடித்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கி, வானத்தில் மறுபடி ஏணி வைத்துக் கொடுக்கும். "சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்க, அப்படியேதானே இருக்கு?" என்று பெண் வீட்டிலிருந்து போன் வரும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும்.